பிறப்பு வீத மாற்றத்தை அளப்பது எவ்வாறு?

1977ஆம் ஆண்டிலிருந்து 1984ஆம் ஆண்டு வரை இந்தியாவின் பிறப்பு வீதம் ஏறத்தாழ ஒரே இடத்தில் நின்றுவிட்டது. ஓராண்டில் ஆயிரம் மக்களுக்கு எத்தனை குழந்தைகள் உயிருடன் பிறக்கின்றன என்பதையே பிறப்பு வீதம் என்கிறோம். அது 1971இல் 36.9 ஆக இருந்தது. 1976இல் 34.4 ஆகவும், 1977இல் 33.0 ஆகவும் இறங்கியது. அதன் பின்னர் எட்டாண்டுக் காலம் 33க்கும் 34க்கும் இடையிலேயே ஊசலாடியது. 1983ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை, 2000ஆவது ஆண்டுக்குள் இவ்வீதத்தை 21க்குக் கொண்டு வருவதென இலக்கு வகுத்தபோது, கையிலிருந்த எண்ணோ 34ஐ ஒட்டி அசையாது நின்றது.

குடும்பநலத் திட்டம் தோற்றுவிட்டது என்று பலர் தீர்ப்புக் கூறினர். வீடு வீடாகச் சென்று தாய்மாரைச் சந்தித்த ஊழியர்களின் உழைப்பு வீணாயிற்றோ என்ற ஐயம் ஆட்சியாளரிடையேயும் எழுந்தது. திட்டத்துக்கான நிதி, அதன் போக்கு, அதில் பணிபுரிவோரின் நற்பெயர் ஆகிய அனைத்தும் இந்த ஓர் எண்ணைச் சார்ந்து நின்றன. ஆகவே அந்த எண் எப்படி உருவாகிறது, அது எதனால் நகர்கிறது, எதனால் நகராமல் நிற்கிறது என்பதை அறிந்துகொள்ளுதல் வெறும் புள்ளியியல் ஆர்வம் அன்று.

பிறப்பு வீதத்தை மூன்று பொருள்கள் நகர்த்தவல்லவை. முதலாவது, தம்பதியர் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கையில் ஏற்படும் உண்மையான மாற்றம். இரண்டாவது, மக்கள் தொகையின் வயதமைப்பு. மூன்றாவது, பிறப்புகளைக் கணக்கில் பிடிக்கும் வலையின் கண்ணளவு. நாம் அறிய விரும்புவது முதலாவதை. ஆனால் நமக்குக் கிடைக்கும் எண்ணிலோ மூன்றும் கலந்தே வருகின்றன.

பதிவேடு சொல்வதும் சொல்லாததும்

பிறப்புகளை எண்ணுவதற்கு நேரான வழி, பிறப்புப் பதிவேட்டைப் பார்ப்பதே. 1886ஆம் ஆண்டுச் சட்டம் பதிவை மக்களின் விருப்பத்துக்கு விட்டிருந்தது. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே நாடு முழுவதற்கும் அதைக் கட்டாயமாக்கியது. பிறந்த 21 நாள்களுக்குள் தெரிவித்துவிட வேண்டும் என்பது விதி. எனினும் நாட்டில் நிகழ்ந்த பிறப்புகளில் 2000இல் 56.2 விழுக்காடே பதிவாயின. 2010இல் இது 82.0 விழுக்காடாகவும், 2019இல் 92.7 விழுக்காடாகவும் உயர்ந்தது.

இவ்வுயர்வு போற்றத்தக்கது என்பதில் ஐயமில்லை. ஆனால் பிறப்பு வீத மாற்றத்தை அளக்க முற்படுவோருக்கு இதுவே ஒரு பொறியாகவும் அமைகிறது. 2018இல் நாட்டில் பதிவான பிறப்புகள் ஏறத்தாழ 2.33 கோடி. 2019இல் அது 2.48 கோடி. ஓராண்டில் 15 லட்சம் கூடிவிட்டது. பதிவேட்டை மட்டும் நம்புபவர், பிறப்புகள் பெருகிவிட்டன என்றே முடிவு கட்டுவார். உண்மையில் அதே ஓராண்டில் பிறப்பு வீதம் 20.0இலிருந்து 19.7க்கு இறங்கியது. கூடியவை பிறப்புகள் அல்ல, பதிவுகளே. பள்ளிச் சேர்க்கைக்கும் கடவுச் சீட்டுக்கும் பிறப்புச் சான்றிதழ் கேட்கப்படும் அளவுக்குப் பதிவு பெருகும். 2023இல் இச்சட்டம் திருத்தப்பட்டு, அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறந்த தேதியை நிறுவும் ஆவணமாகப் பிறப்புச் சான்றிதழே கொள்ளப்படும் என்று ஆன பின்னர், பதிவு இன்னும் நெருக்கமாகும் என எதிர்பார்க்கலாம். ஆகவே வருங்காலத்திலும் பதிவின் வளர்ச்சியைப் பிறப்பின் வளர்ச்சியாக மயங்க இடமுண்டு.

பதிவேட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிறப்பு, அது நிகழ்ந்த இடத்திலேயே பதிவு செய்யப்படுகிறது. மாவட்டத் தலைநகரில் பெரிய அரசு மருத்துவமனை இருக்குமானால், சுற்றிலுமுள்ள வட்டங்களின் பிறப்புகள் அந்நகரின் கணக்கில் விழும். நகரின் பிறப்பு வீதம் வியப்பூட்டும் அளவுக்கு உயர்ந்தும், சிற்றூர்களின் வீதம் அதற்கேற்பத் தாழ்ந்தும் தோன்றும். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு செல்லும் வழக்கம் நம் நாட்டின் பல பகுதிகளில் நிலவுகிறது. அக்குழந்தை எந்த ஊரின் கணக்கில் சேரும்? பரந்த நாட்டுக்கு இது பொருட்டல்ல. ஒரு வட்டத்துக்கோ மாவட்டத்துக்கோ வீதம் காண முனையும்போதுதான் இதன் வலிமை புரியும்.

குழந்தைகளைக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிடுதல்

பதிவேடு குறையுடையதாக இருந்த காலத்தில், பத்தாண்டுக்கொருமுறை எடுக்கப்படும் மக்கள் தொகைக் கணக்கெடுப்பே அறிஞர்களுக்குத் துணை நின்றது. கணக்கெடுப்பில் காணப்படும் சிறு குழந்தைகள் அனைவரும் அண்மை ஆண்டுகளில் பிறந்தவர்கள். அவர்களின் எண்ணிக்கையோடு இடையில் இறந்துபோன குழந்தைகளையும் கூட்டினால், அந்த ஆண்டுகளின் பிறப்புகள் கிடைத்துவிடும். இவ்வகைக் கணக்குகளின்படி, இந்த நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் (1901–11) இந்தியாவின் பிறப்பு வீதம் 49ஐ ஒட்டியும், 1921–31இல் 46ஐ ஒட்டியும், 1951–61இல் 42ஐ ஒட்டியும் இருந்தது.

இக்கணக்கை வாசகர்களே செய்து பார்க்கலாம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 0 முதல் 6 வயது வரையிலான குழந்தைகள் 16.45 கோடி. இவர்கள் ஏழாண்டுகளில் பிறந்தவர்கள். ஏழால் வகுத்தால் ஆண்டுக்கு 2.35 கோடி. பிறந்தவர்களில் நூற்றுக்கு ஆறு அல்லது ஏழு குழந்தைகள் கணக்கெடுப்புக்கு முன்பே இறந்திருப்பர் எனக் கொண்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 2.51 கோடிப் பிறப்புகள் ஆகின்றன. அந்த ஏழாண்டுகளின் நடுப்பகுதியான 2007இன் பிற்பாதியில் மக்கள் தொகை 114 கோடியை ஒட்டி இருந்திருக்கும். வகுத்துப் பார்த்தால் ஆயிரத்துக்கு 22 வருகிறது. அதே 2007ஆம் ஆண்டுக்கு, பின்னர் நாம் காணவிருக்கும் மாதிரிப் பதிவு முறை தந்த எண் 23.1.

ஒன்று என்ற இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி, கணக்கெடுப்பில் விடுபட்ட கைக்குழந்தைகளிடமிருந்து வந்திருக்க வேண்டும். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால், நடக்கத் தொடங்காத குழந்தையை ஆளாக எண்ணாத வழக்கம் இன்னும் முற்றாக மறையவில்லை. ஆறு வயதுக் குழந்தையை ஏழு என்று கூறுவதும் உண்டு. நடப்பு வயதைச் சொல்வதா, நிறைந்த வயதைச் சொல்வதா என்பதில் தெளிவின்மை இருக்கிறது. பெரியவர்களின் வயதோ ஐந்திலும் பத்திலும் முடியும் எண்களில் போய்க் குவிந்துகொள்கிறது. இப்பிழைகள் ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் ஒரே அளவில் இருந்தால், மாற்றத்தை அளப்பதற்கு அவ்வளவாகத் தீங்கில்லை. இரு முனைகளிலும் ஒரே பிழை என்றால் வேறுபாடு சரியாகவே வரும். பிழையின் அளவே பத்தாண்டுக்குள் மாறிவிடும்போதுதான் ஏமாற்றம் நேர்கிறது. 1941–51க்கு 40ஐ ஒட்டியும், அடுத்த பத்தாண்டுக்கு 42ஐ ஒட்டியும் எண்கள் கிடைத்தபோது, பிறப்பு வீதம் உண்மையிலேயே ஏறியதா, அல்லது கணக்கின் விளைவா என்று அறிஞர்கள் வாதிட நேர்ந்தது இதனாலேயே.

சிங்கூரில் பிறந்த ஒரு வழி

கல்கத்தாவுக்கு அருகே, ஹூக்ளி மாவட்டத்தில் உள்ள சிங்கூர் என்னும் ஊரின் பெயர் உலகப் புள்ளியியல் நூல்களில் இடம்பெற்றிருப்பதைப் பலர் அறியார். அங்கிருந்த சுகாதார நிலையத்தின் பகுதியில் திரட்டப்பட்ட விவரங்களைக் கொண்டு, இந்திய அறிஞர் சந்திரசேகரனும் அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங்கும் 1949இல் ஒரு முறையை வெளியிட்டனர். எண்ண மறந்தவற்றையும் எண்ணிவிடும் முறை அது.

அதன் உட்கருத்து எளியது. ஓர் ஊரின் பிறப்புகளைப் பதிவாளர் ஒரு பட்டியலாக வைத்திருக்கிறார். அவருடன் தொடர்பில்லாத வேறொருவர் வீடு வீடாக விசாரித்து இன்னொரு பட்டியல் தயாரிக்கிறார். முதற் பட்டியலில் 80 பிறப்புகள், இரண்டாவதில் 75, இரண்டிலும் உள்ளவை 60 என வைத்துக்கொள்வோம். விசாரித்தவர் கண்ட 75இல் 60ஐப் பதிவாளரும் கண்டிருக்கிறார். அதாவது பதிவாளரின் வலையில் ஐந்தில் நான்கு பங்கு சிக்குகிறது. அப்படியானால் அவர் பிடித்த 80 என்பது மொத்தத்தில் ஐந்தில் நான்கு, மொத்தம் 100. இரு பட்டியல்களையும் சேர்த்துப் பார்த்தால் 95 பிறப்புகளே தெரிகின்றன. எஞ்சிய 5 இருவர் கண்ணுக்கும் தப்பியவை. குளத்து மீன்களில் சிலவற்றுக்கு அடையாளமிட்டு விட்டு, மறுபடி வலைவீசி மொத்தத்தை மதிப்பிடுவதும் இதே கணக்குத்தான்.

இரு பட்டியல்களும் ஒன்றையொன்று சாராமல் இருக்க வேண்டும் என்பதே இம்முறையின் உயிர்நிலை. பிறந்து சில நாள்களில் இறந்த குழந்தையைப் பற்றி வீட்டார் எவரிடமும் பேச விரும்புவதில்லை. அத்தகைய பிறப்பு இரு பட்டியல்களிலும் சேர்ந்தே விடுபடும். அப்போது கணக்கு குறைத்தே காட்டும்.

இந்த இரட்டைப் பதிவுக் கருத்தின் மேல் எழுந்ததே மாதிரிப் பதிவு முறை. தலைமைப் பதிவாளர் அலுவலகம் இதை 1964–65இல் சோதனையாகத் தொடங்கி, 1969–70இல் நாடு முழுவதும் பரப்பியது. மாதிரியாகத் தெரிந்தெடுக்கப்பட்ட ஒவ்வொரு சிற்றூரிலும் அல்லது நகர்ப்பகுதியிலும், பெரும்பாலும் அவ்வூர் ஆசிரியரோ அங்கன்வாடிப் பணியாளரோ பகுதிநேரக் கணக்காளராக இருந்து, பிறப்புகளையும் இறப்புகளையும் நிகழ நிகழக் குறித்து வருகிறார். கருவுற்ற பெண்களின் பட்டியலும் அவரிடம் உண்டு. ஆறு மாதங்களுக்கொருமுறை மேற்பார்வையாளர் ஒருவர் தனியே வந்து, அதே வீடுகளில் விசாரித்துத் தம் பட்டியலை உருவாக்குகிறார். இரண்டையும் ஒப்பிட்டு, ஒன்றில் மட்டும் காணப்படுபவற்றை மீண்டும் நேரில் சென்று சரிபார்க்கின்றனர். சூத்திரத்தால் மதிப்பிடுவதற்குப் பதிலாக, காலால் நடந்து சரிபார்ப்பது இதன் சிறப்பு. தாய்வீட்டுச் சிக்கலுக்கும் இங்கே விடை உண்டு. ஊரில் வழக்கமாக வசிப்பவள் வெளியூரில் பெற்ற குழந்தை அவளது ஊர்க் கணக்கில் சேரும். விருந்தினளாக வந்து பெற்றவளின் குழந்தை அந்த ஊர்க் கணக்கில் சேராது. ஏறத்தாழ 8,800 மாதிரிப் பகுதிகளில், 80 லட்சம் மக்களிடையே இப்பணி நடைபெற்று வருகிறது. இக்கட்டுரையில் 1971க்குப் பிற்பட்ட ஆண்டு வீதங்கள் எல்லாம் இதிலிருந்து பெறப்பட்டவையே.

இந்த வலையும் முழுமையானதன்று. 1980–81இல் நடந்த ஒரு சோதனையில் நூற்றுக்கு ஏறத்தாழ 3 பிறப்புகள் இதில் விடுபடுவது தெரியவந்தது. 1985இல் அது 2க்கும் சற்றுக் கீழே இறங்கியது. வலை நெருக்கமானதால் மட்டும் பிறப்பு வீதம் 0.3 அல்லது 0.4 அளவுக்கு ஏறித் தெரியும். பார்ப்பதற்குச் சிறிய அளவுதான். ஆனால் ஆண்டுக்கு 0.3 குறையும் ஒரு வீதத்தில், ஓராண்டு முன்னேற்றத்தை முழுவதும் விழுங்கிவிட இது போதும்.

வயதமைப்பு ஆடும் ஆட்டம்

இப்போது இரண்டாவது பொருளுக்கு வருவோம். பிறப்பு வீதத்தின் வகுக்கும் எண் மொத்த மக்கள் தொகை. அதில் ஆண்கள், முதியோர், குழந்தைகள் யாவரும் அடங்குவர். இவர்கள் குழந்தை பெறுவதில்லை. பிள்ளைபெறும் வயதான 15 முதல் 49 வரையுள்ள பெண்களின் பங்கு மாறினால், எந்தக் குடும்பமும் தன் பழக்கத்தை மாற்றாமலே பிறப்பு வீதம் மாறும்.

கற்பனையான ஒரு பகுதியை எடுத்துக்கொள்வோம். அதன் மக்கள் தொகை 1,00,000. பிள்ளைபெறும் வயதுப் பெண்கள் 22,000. ஆண்டில் 3,300 பிறப்புகள். பிறப்பு வீதம் 33. பத்தாண்டுகளுக்குப் பின் மக்கள் தொகை 1,20,000. அவ்வயதுப் பெண்கள் 27,600. அதாவது நூற்றுக்கு 22ஆக இருந்தது 23 ஆகிவிட்டது. பிறப்புகள் 3,960. பிறப்பு வீதம் இப்போதும் அதே 33. ஒன்றும் நடக்கவில்லை எனத் தோன்றுகிறது. ஆனால் ஆயிரம் பெண்களுக்கு எத்தனை குழந்தைகள் என்று பார்த்தால், 150ஆக இருந்தது 143க்கு வந்துவிட்டது. உண்மையில் பிறப்புகள் குறைந்தன. குறைந்த அளவை, கூடிய பெண்களின் பங்கு மூடி மறைத்துவிட்டது.

இந்த மறைப்பை நீக்குவதற்காகவே மொத்தக் கருவள வீதம் என்னும் அளவை வகுத்தனர். பெண்களை ஐந்தைந்து வயதுக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவிலும் ஓராண்டில் ஒரு பெண்ணுக்கு எத்தனை பிறப்பு என்று கண்டு, அவற்றைக் கூட்டி ஐந்தால் பெருக்கினால் அது கிடைக்கும். இந்த ஆண்டின் நிலைமையே நீடித்தால் ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக எத்தனை குழந்தைகள் பெறுவாள் என்பதை அது கூறுகிறது. எந்த வயதுக் குழுவில் எத்தனை பெண்கள் இருக்கின்றனர் என்பது இதைப் பாதிக்காது.

1971க்கும் 1981க்கும் இடையே இந்தியாவின் பிறப்பு வீதம் 36.9இலிருந்து 33.9க்கு, அதாவது 8 விழுக்காடு குறைந்தது. அதே காலத்தில் மொத்தக் கருவள வீதம் 5.2இலிருந்து 4.5க்கு, அதாவது 13 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. சுதந்திரத்துக்குப் பின் குழந்தை இறப்புக் குறைந்ததால் உயிர்பிழைத்து வளர்ந்த பெண்கள், எழுபதுகளில் தாய்மாராகும் வயதை எட்டினர். நம் சுகாதாரப் பணியின் ஒரு வெற்றி, இன்னொரு வெற்றியின் எண்ணிக்கையை மங்கச் செய்தது என்றே சொல்ல வேண்டும்.

தேங்கிய எட்டாண்டுகள்

அப்படியானால் 1977 முதல் 1984 வரையிலான தேக்கமும் வயதமைப்பின் மாயைதானா? அவ்வாறு கூறித் திட்டத்துக்குப் பரிந்து பேசியோர் உண்டு. புள்ளிவிவரம் அதற்கு முழுமையாக இடந்தரவில்லை. அந்த எட்டாண்டுகளில் மொத்தக் கருவள வீதமும் 4.5ஐ ஒட்டியே நின்றுவிட்டது. வயதமைப்பின் தாக்கத்தை நீக்கிய பின்னரும் தேக்கம் எஞ்சுகிறது. எனவே அதன் ஒரு பகுதி உண்மையே.

காரணம் தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. நெருக்கடி நிலை நிலவிய 1976–77இல் நாட்டில் 82 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. பல இடங்களில் வற்புறுத்தலும் அச்சுறுத்தலும் இருந்தன. மறு ஆண்டான 1977–78இல் அறுவைகளின் எண்ணிக்கை 10 லட்சத்தைக்கூட எட்டவில்லை. மக்களின் நம்பிக்கையை இழந்த ஒரு திட்டம் மீண்டும் எழுந்து நிற்பதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

ஆனால் அளவையியல் நோக்கில் இதில் வேறொரு பாடமும் உண்டு. அது அடிப்படை ஆண்டைப் பற்றியது. 1977இன் 33.0ஐத் தொடக்கமாகக் கொண்டு 1985இன் 32.9ஐ முடிவாகக் கொண்டால், எட்டாண்டுகளில் ஒன்றும் நடக்கவில்லை. 1971இன் 36.9இலிருந்து தொடங்கினால், பதினான்கு ஆண்டுகளில் 4.0 குறைந்திருக்கிறது. அடுத்த பத்தாண்டுகளைச் சார்ந்திருக்க வேண்டிய அறுவைகள் பல ஓராண்டுக்குள் திணிக்கப்பட்டதால், 1977 ஓரளவு இயற்கைக்கு மாறாகத் தாழ்ந்த ஆண்டு. பள்ளத்திலிருந்து அளக்கத் தொடங்கினால், பின்வரும் சமவெளியும் மேடாகவே தோன்றும். ஓர் ஆண்டை மற்றோர் ஆண்டோடு ஒப்பிடுவதைவிட, மூன்றாண்டுச் சராசரிகளை ஒப்பிடுவதே நேர்மையானது. 1985க்குப் பின்னர் எண் மீண்டும் இறங்கத் தொடங்கி, 1991இல் 29.5ஐ அடைந்தது. 2000க்கு வகுத்த 21 என்ற இலக்கு கைகூடவில்லை. அவ்வாண்டின் வீதம் 25.8. ஆயினும் 2020இல் 19.5, 2023இல் 18.4 என இறக்கம் தொடர்ந்தது.

இரு மாநிலங்கள், இரு கதைகள்

மாநிலங்களை ஒப்பிடுகையில் இச்சிக்கல்கள் இன்னும் கூர்மையாகின்றன. கேரளத்தின் பிறப்பு வீதம் 1971இல் 31.1, 2020இல் 13.2. உத்தரப் பிரதேசத்தில் 1971இல் 44.9, 2020இல் 25.1. எது அதிகம் குறைந்தது? கழித்துப் பார்த்தால் கேரளத்தில் 17.9, உத்தரப் பிரதேசத்தில் 19.8. ஆகவே உத்தரப் பிரதேசமே முந்துகிறது. விழுக்காட்டில் பார்த்தால் கேரளம் 58, உத்தரப் பிரதேசம் 44. இரண்டும் சரியான கணக்குகளே. எதைக் கையாளுகிறோம் என்பதைக் கூறாமல் வெற்றி தோல்வி பேசுவதுதான் தவறு. உத்தரப் பிரதேசம் என்ற பெயரும்கூட இரு முனைகளிலும் ஒரே நிலப்பரப்பைக் குறிக்கவில்லை. 2000இல் உத்தராகண்ட் அதிலிருந்து பிரிந்தது. நெடுங்காலத் தொடரைக் கையாள்வோர் எல்லை மாற்றத்தை முதலில் சரிசெய்தாக வேண்டும்.

கேரளத்தின் கதையில் ஒரு திருப்பமும் இருக்கிறது. 1971இலிருந்து 1991 வரை அதன் பிறப்பு வீதம் 41 விழுக்காடு குறைந்தது. மொத்தக் கருவள வீதமோ 4.1இலிருந்து 1.8க்கு, 56 விழுக்காடு வீழ்ந்தது. உண்மையான மாற்றத்தைப் பிறப்பு வீதம் குறைத்தே காட்டியது. 1991க்குப் பின்னர் நிலைமை தலைகீழாயிற்று. 2020 வரை பிறப்பு வீதம் 18.3இலிருந்து 13.2க்கு, 28 விழுக்காடு இறங்கியது. மொத்தக் கருவள வீதம் 1.8இலிருந்து 1.5க்கு, 17 விழுக்காடே இறங்கியது. முதியோரின் பங்கு கூடி, இளந்தாய்மாரின் பங்கு குறைந்ததால், குடும்பங்கள் மாறியதைவிட அதிகமாகப் பிறப்பு வீதம் மாறியது. ஒருகாலத்தில் மாற்றத்தை மறைத்த அதே வயதமைப்பு, பிற்காலத்தில் மாற்றத்தைப் பெரிதாக்கிக் காட்டியது.

மொத்தக் கருவள வீதத்தையும் கண்மூடி நம்புவதற்கில்லை. பெண்கள் படிப்பை முடித்து மணம் செய்துகொள்வதாலும் முதற் குழந்தையைத் தள்ளிப்போடுவதாலும், பிள்ளைபெறும் சராசரி வயது பத்தாண்டுகளில் ஓராண்டு ஏறுமானால், ஒருவரும் ஒரு குழந்தையைக்கூடக் குறைத்துக்கொள்ளாவிடினும் அக்காலத்தில் இவ்வீதம் பத்தில் ஒரு பங்கு தாழ்ந்து தெரியும். தாமதித்த பிறப்புகள் பின்னர் வந்து சேரும்போது அது சற்று ஏறவும் கூடும். தாழ்ந்த கருவளத்தைக் கண்டு அஞ்சும் மாநிலங்கள் இதைக் கருத்தில் கொள்வது நலம்.

தாய்மாரின் நினைவு

பதிவும் கணக்கெடுப்பும் எட்டாத இடத்தில், தாய்மாரையே நேரில் கேட்கும் ஆய்வுகள் உதவுகின்றன. தேசியக் குடும்பநல ஆய்வு 1992–93இல் தொடங்கி 2019–21 வரை ஐந்து சுற்றுகளாக நடந்தது. முதற்சுற்றில் 3.4ஆக இருந்த மொத்தக் கருவள வீதம் ஐந்தாம் சுற்றில் 2.0 ஆயிற்று. வேறு வழியில் பெறப்பட்ட இவ்வெண்கள் மாதிரிப் பதிவு முறையோடு பெரிதும் ஒத்துப்போவது இரண்டுக்குமே வலுவூட்டுகிறது.

நினைவுக்கும் தனிப் பிழைகள் உண்டு. கடந்த ஓராண்டில் குழந்தை பிறந்ததா என்று கேட்டால், சிலருக்கு அந்த ஓராண்டு பத்து மாதமாகவும் சிலருக்குப் பதினான்கு மாதமாகவும் இருக்கும். இதைத் திருத்த வில்லியம் பிராஸ் என்ற அறிஞர் ஒரு வழி கண்டார். ஓராண்டுப் பிறப்புகளைக் கூட்டி வரும் எண்ணிக்கையை, இளம்பெண்கள் தாம் இதுவரை பெற்றதாகக் கூறும் மொத்தக் குழந்தைகளோடு ஒப்பிட்டு, குறை எவ்வளவென்று கணிப்பது அவர் வழி. கேட்பவரிடமும் ஒரு சிறு தந்திரம் காணப்படுவதுண்டு. அண்மை ஆண்டுகளில் பிறந்த குழந்தையைப் பற்றி நீண்ட வினாத்தொகுதி கேட்க வேண்டியிருப்பதால், அலுப்புற்ற பணியாளர் குழந்தையின் பிறந்த தேதியை எல்லைக்கு அப்பால் சற்றுத் தள்ளி எழுதிவிடுகிறார். அதன் விளைவாக அண்மை ஆண்டுகளின் பிறப்புகள் குறைந்தும், அதற்கு முந்தைய ஆண்டின் பிறப்புகள் கூடியும் தெரியும். கருவளம் திடீரென வீழ்ந்ததாக ஓர் ஆய்வு கூறும்போது, அந்த எல்லை ஆண்டைப் பார்ப்பது அனுபவசாலிகளின் வழக்கம்.

மாவட்ட அளவில் நிலைமை இன்னும் கடினம். மாதிரிப் பதிவு முறை மாவட்டத்துக்கு வீதம் தருவதில்லை. மாதிரி அவ்வளவு பெரிதன்று. எட்டுப் பின்தங்கிய மாநிலங்களிலும் அசாமிலும் 284 மாவட்டங்களுக்காக 2010–11இல் தொடங்கிய ஆண்டுச் சுகாதார ஆய்வு அக்குறையைச் சில காலம் நிறைவு செய்தது. அதன் பின்னர் மாவட்டங்களின் உண்மை நிலையறியக் கணக்கெடுப்பையே நம்ப வேண்டியுள்ளது.

இவையெல்லாம் ஏட்டளவில் நிற்பவை அல்ல. பதினைந்தாவது நிதிக்குழு, மாநிலங்களுக்கு வரிப்பங்கைப் பிரிக்கும்போது மக்கள் தொகைச் செயல்திறன் என்பதற்கு 12.5 விழுக்காடு மதிப்பு அளித்தது. மொத்தக் கருவள வீதம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ அவ்வளவு மாநிலத்துக்கு நன்மை. அளவில் நேரும் பத்தில் ஒரு பங்குப் பிழையும் அங்கே ரூபாயாக உருவெடுக்கும்.

2021இல் நடைபெற வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனது. 2027 மார்ச் 1ஆம் நாளை அடிப்படையாகக் கொண்டு அது நடத்தப்படும் என 2025இல் அறிவிக்கப்பட்டது. 2011க்குப் பின் மக்கள் தொகை குறித்த எண்கள் யாவும் கணிப்புகளே. மாதிரிப் பதிவு முறையின் பகுதிகளும் 2011ஆம் ஆண்டுச் சட்டகத்திலிருந்தே தெரிந்தெடுக்கப்பட்டவை. புதிய கணக்கெடுப்பில் 0 முதல் 6 வயதுக் குழந்தைகளின் எண்ணிக்கை வெளியானதும், மேலே 2011க்குச் செய்ததுபோல ஏழால் வகுத்து, இறப்பைக் கூட்டி, ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு பிறப்பு வீதம் கண்டுவிடலாம். மாநில அளவில் அவ்வெண்ணுக்கும் மாதிரிப் பதிவு முறையின் 2023, 2024ஆம் ஆண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு, 2011இல் கண்ட ஒன்று என்ற அளவைவிடக் கூடியிருக்குமானால், பிறப்புகளைப் பற்றிப் பேசுவதற்கு முன் கைக்குழந்தைகள் சரியாக எண்ணப்பட்டனரா என்பதையே முதலில் விசாரிக்க வேண்டியிருக்கும்.